கை மாறி வந்த டிராக்டர்: சேத்துழவுக்கு முன்னாடி எந்தெந்த ஆயிலை மாத்தணும்?

#1 கடைமடை_சம்பா

வணக்கம். திருத்துறைப்பூண்டி பக்கம். 2012 மாடல், 45 எச்பி, டூ வீல் டிரைவ், ஆயில் பிரேக், பவர் ஸ்டியரிங். மூணு கை மாறி வந்திருக்கு. சர்வீஸ் புக் இல்லை. மணி மீட்டர் 3,100ல நிக்குது, கேபிள் அறுந்து கிடக்குது, அதனால அந்தக் கணக்கை நம்ப முடியாது. கேஜ் வீல் (சேத்துல ஓட்ட மாட்டுற இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டி சேத்துழவு ஓட்டின வண்டிங்கிறது மட்டும் உறுதி, ஆக்சில்ல தேஞ்ச தடம் இருக்கு.

கியர் ஆயிலே 40 லிட்டருக்கு மேல புடிக்கும்ங்கிறாங்க. எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தணுமா? இல்ல, எஞ்சின் ஆயிலை மட்டும் மாத்திக் குறுவையை ஓட்டிட்டு, சம்பாவுக்கு முன்னாடி மத்ததைப் பார்க்கலாமா? மேட்டூரை ஜூன் 12 திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணி வர நாளாகும். ஆனா போர் தண்ணியில நாத்து விட்டவங்க இப்பவே உழவுக்குக் கூப்பிடுறாங்க.

#2 பட்டறை_வலங்கைமான்

தம்பி, எதுவும் தெரியலைன்னா எதையும் மாத்தலைன்னு வச்சுக்கங்க. ஆனா வடிக்கிறதுக்கு முன்னாடி பாருங்க. உள்ள கிடக்கிற ஆயில்தான் இப்ப அந்த வண்டிக்கு இருக்கிற ஒரே சர்வீஸ் புக். அவசரப்பட்டு டிரேயில கொட்டி எடுத்துட்டுப் போயிட்டா அதுவும் போச்சு.

செய்ய வேண்டியது இதுதான். வண்டியை சமதளத்துல ராத்திரி முழுக்க நிறுத்துங்க. ஸ்டார்ட் பண்ணக் கூடாது. காலையில, கியர் பாக்ஸ் டிரைன் நட்டை ஒரேயடியா கழட்டாம, ரெண்டு மூணு மரை மட்டும் தளர்த்துங்க. கழுவிக் காயவச்ச தண்ணி பாட்டிலைக் கீழ புடிங்க. தண்ணி ஆயிலை விட கனம், அடியில தங்கும், அதனால அதுதான் முதல்ல வரும். கால் பாட்டில் புடிச்சதும் நட்டை இறுக்கிடுங்க. பாட்டிலை வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க. இதே மாதிரி எஞ்சின் சேம்பர் (எஞ்சின் ஆயில் தங்குற அடித்தொட்டி), டிஃபரன்ஷியல் ஹவுசிங், தனி டிரைன் நட் இருந்தா ரெண்டு பக்க பின் ஆக்சில், எல்லாத்துலயும் தனித்தனி பாட்டில். ஒவ்வொண்ணுலயும் மார்க்கர்ல இடத்தை எழுதிடுங்க. ஸ்டியரிங் ஆயில் டப்பாவிலருந்து ஒரு சிரிஞ்ச்ல உறிஞ்சி எடுத்தா போதும்.

இதுக்கெல்லாம் முன்னாடி ஒரு வேலை: ஊத்துற மூடியும் லெவல் நட்டும் கழண்டு வருதான்னு முதல்ல பாருங்க. பழைய ஆயிலை வடிச்சு முடிச்சப்புறம் ஊத்துற வழி துருப்பிடிச்சு இறுகிக் கிடந்தா, வண்டியை நகர்த்தவும் முடியாது, ஊத்தவும் முடியாது.

#3 நீடா_டீசல்

மேல சொன்னது சரி. பாட்டிலைப் பார்த்து எப்படிப் படிக்கிறதுன்னு நான் சொல்றேன்.

எஞ்சின் ஆயில் கறுப்பா இருக்கேன்னு பயப்படாதீங்க. டீசல் எஞ்சின்ல புது ஆயில் சில மணி நேரத்துலயே கறுத்துடும், புகைக்கரியை ஏந்திக்கிறது அதோட வேலை. பார்க்க வேண்டியது வேற மூணு.

ஒண்ணு, பால் கலந்த டீ மாதிரி இருந்தா தண்ணி. ஹெட் பேக்கிங், லைனர் ஓ-ரிங், ஆயில் கூலர் இதுல ஏதோ ஒண்ணு. ஆனா ஊத்துற மூடிக்கு உள்பக்கம் மட்டும் வெள்ளையா படிஞ்சு, கேஜ் குச்சியில ஆயில் சுத்தமா இருந்தா அது ஈரக்காத்து குளிர்ந்து படிஞ்சது, கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டி ஓட்டி நிறுத்துற வண்டியில வரும். அதுக்காக ஹெட்டைக் கழட்ட வேண்டாம்.

ரெண்டு, லெவல் மேல் கோட்டைத் தாண்டி, ஆயில் தண்ணியா ஓடி, டீசல் வாடை அடிச்சா, ஃபீட் பம்ப் டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கும் இல்ல டீசல் பம்ப் சீல் போயிருக்கும். ஆயில் மாத்தினா மட்டும் தீராது, பேரிங் வரைக்கும் போயிடும்.

மூணு, ஒரு சொட்டை வெள்ளை வடிதாள்ல விட்டு ஒரு மணி நேரம் விடுங்க. நடுவுல கறுப்பு, சுத்தி மெதுவா வெளுத்துக்கிட்டே போற வளையம்னா ஆயில் இன்னும் கரியை ஏந்திக்கிட்டு இருக்கு. நடுவுல தார் மாதிரி கெட்டியா நின்னு, வெளியில வெறும் எண்ணெய் வளையம் மட்டும் பரவினா, அது செத்த ஆயில், அடியில வண்டல் கட்டியிருக்கும்.

உங்க கேள்விக்கு நேர் பதில்: எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ரெண்டு டீசல் ஃபில்டர், ஏர் கிளீனர் ஆயில், ரேடியேட்டர் தண்ணி, இந்த அஞ்சும் பாட்டில் என்ன சொன்னாலும் முதல் நாளே மாறணும். கியர் ஆயிலுக்குப் பாட்டிலைப் பார்த்து முடிவெடுங்க.

#4 ஆடுதுறை_உழவன்

கடைசி வரியில எனக்கு உடன்பாடு இல்லை. கியர் ஆயில் பார்க்க சுத்தமா இருக்குன்னு விட்டுட்டா, எந்த கிரேடு ஊத்தியிருக்காங்கன்னு யாருக்குத் தெரியும்? ஆயில் பிரேக் வண்டிங்கிறார். அதுல யாராவது கார் டிஃபரன்ஷியலுக்குப் போடுற ஈபி 90 ஆயிலை ஊத்தியிருந்தா நிறத்தை வச்சுக் கண்டுபுடிக்க முடியாது.

#5 பட்டறை_வலங்கைமான்

நியாயமான கேள்வி. ஆயில் பிரேக் வண்டியில பிரேக் தட்டுகள் அதே கியர் ஆயில்ல முங்கித்தான் ஓடுது. கியர், ஹைட்ராலிக், பிரேக் மூணுக்கும் ஒரே ஆயில். அதனாலதான் அதுக்கு யுடிடிஓன்னு தனி ஆயில். கார் டிஃபரன்ஷியலுக்குப் போடுற ஜிஎல்-5 ஈபி ஆயிலை ஊத்தினா மூணு தொல்லை: பிரேக் புடிக்கும்போது அதிர்ந்து முனகும், ஹைட்ராலிக் மெதுவா தூக்கும், அந்த ஆயில்ல இருக்கிற கந்தகச் சேர்க்கை பித்தளை பாகங்களை அரிக்கும்.

நிறத்துல தெரியாது, ஆனா வாடையில ஓரளவு தெரியும். ஈபி ஆயில்ல கந்தக நாத்தம் மூக்கைத் துளைக்கும். யுடிடிஓல அவ்வளவு இருக்காது. பிரேக்கை மிதிச்சுப் பாருங்க, கர்ர்னு சத்தத்தோட அதிர்ந்தா சந்தேகம் உறுதி. கிரேடுல சந்தேகம் வந்தா, ஆயில் எவ்வளவு சுத்தமா இருந்தாலும் மாத்திடணும். இதுல ஆடுதுறைக்காரர் சொல்றதுதான் சரி.

அளவு: இந்த எச்பி வண்டிகள்ல மாடலைப் பொறுத்து 30லருந்து 50 லிட்டர் வரை. எஞ்சின் சேம்பர் 6லருந்து 9 லிட்டர். யார் சொன்ன கணக்கையும் வச்சு ஊத்தாதீங்க, கேஜ் குச்சியோட மேல் கோடுதான் கணக்கு. குச்சியும் பழைய ஓனர் மாத்தினதா இருக்கலாம், அதனால லெவல் நட் இருந்தா அதையும் சேர்த்துப் பாருங்க.

#6 கடைமடை_சம்பா

ரொம்ப நன்றி அண்ணே. இன்னிக்கு ராத்திரி நிறுத்தி வைக்கிறேன். கியர் ஆயில்ல தண்ணி கலந்து பால் மாதிரி ஆகிட்டா, அடியில தனியா தண்ணி நிக்குமா? நிக்காதுங்கிறார் ஒருத்தர்.

#7 நீடா_டீசல்

அவர் சொல்றது பாதி சரி. கியர் சுத்திச் சுத்தித் தயிர் கடையுற மாதிரி அடிச்சு வச்சிருந்தா, ஒரு ராத்திரியில பிரியாது. அப்ப பாட்டில் முழுக்க இளமஞ்சளா, கலங்கலா இருக்கும். கொஞ்சமா தண்ணி இருந்தா கண்ணுக்கே தெரியாது, லேசா மங்கலாத் தெரியும், அவ்வளவுதான்.

அதுக்கு ஒரு சோதனை. சமையலுக்கு ஆகாத பழைய தோசைக்கல்லை நல்லா சூடாக்கி, அடுப்பை அணைச்சுட்டு, ஒரே ஒரு சொட்டு ஆயிலை விடுங்க. தண்ணி இல்லாத ஆயில் சத்தமில்லாம பரவி லேசா புகையும். தண்ணி இருந்தா கடுகு வெடிக்கிற மாதிரி சடசடன்னு பொரியும், சின்னச் சின்னக் குமிழ் கிளம்பும். முகத்தைத் தள்ளி வச்சுக்கங்க, பக்கத்துல டீசல் கேன் இருக்கக் கூடாது. சடசடன்னு வந்துட்டா வாதமே வேண்டாம், அந்த ஆயிலை வடிச்சே ஆகணும்.

அதோட குறுவையை ஓட்டிட்டா என்ன ஆகும்னு நீங்க கேட்டதுக்குப் பதில் இது: பேரிங்குக்கு நடுவுல ஆயில் படலம் நிக்காது. ராத்திரி வண்டி நிக்கும்போது ரோலர்ல துருப் புள்ளி விழும், அந்தப் புள்ளிதான் பின்னாடி குழியாகி இரையும். பிரேக் தட்டுல ஒட்டியிருக்கிற லைனிங் ஊறி உரிஞ்சு வரும், அந்தத் தூள் போய் ஹைட்ராலிக் உறிஞ்சுற வலையை அடைக்கும். ரோட்டாவேட்டரைத் தூக்கும்போது ஊஊன்னு முனகல் கேட்டா அது பெரும்பாலும் அந்த வலை அடைச்சதுதான். 40 லிட்டர் ஆயில் காசைச் சேமிக்கப் போய் பிரேக்கும் பம்பும் சேர்ந்து போகும்.

#8 பட்டறை_வலங்கைமான்

தண்ணி எப்படி உள்ள போகுதுன்னு தெரிஞ்சாத்தான் மாத்தின ஆயில் நிலைக்கும். நம்ம டெல்டா வண்டிகளுக்கு இதுதான் முக்கியமான நோய், அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன்.

ரோட்டுல ஓடிச் சூடான ஹவுசிங் திடீர்னு குளிர்ந்த சேத்துல இறங்குது. இல்ல, உழவு முடிச்ச சூட்டோட வாய்க்கால்ல இறக்கிக் கழுவுறாங்க. உள்ள இருக்கிற காத்து சட்டுனு சுருங்கும், வெளியிலருந்து இழுக்கும். பிரீதர், அதாவது ஹவுசிங்குக்குக் காத்து போய் வர்ற மூச்சுத்துளை, திறந்திருந்தா காத்தை இழுக்கும். பிரீதர்ல சேறு அடைச்சிருந்தா, சீல் உதடு வழியா தண்ணியை இழுக்கும். புது சீலே போட்டாலும் பிரீதர் அடைச்ச வண்டியில தண்ணி ஏறும்.

அதனால முதல்ல பிரீதரைக் கழட்டி டீசல்ல கழுவி, வாயால ஊதிப் பாருங்க. தடையில்லாம போகணும். அப்புறம் கியர் லீவர் அடியில இருக்கிற ரப்பர் பூட். வெயில்ல வெடிச்சு, விரலை விட்டா உள்ள போகும் அளவுக்குக் கிழிஞ்சிருக்கும், மழையில நின்னாலே போதும், அது வழியா இறங்கிடும். அப்புறம் பிடிஓ ஷாஃப்ட் (பின்னாடி மாட்டுற கருவியைச் சுத்துற தண்டு) சீல், பின் ஆக்சில் சீல், பிரேக் ஷாஃப்ட் ஓ-ரிங், கேஜ் குச்சி ஓ-ரிங். கேஜ் வீல் பாரம் ஆக்சிலை ஆட்டுறதால பின் ஆக்சில் சீல்தான் அதிகம் போகும். ஆக்சில் வெளி முனையில சேத்தோட குழைஞ்ச எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா அந்தப் பக்கம் சீல் போச்சு. சீல் வாங்கும்போது மாடல் பேரைச் சொல்லி வாங்காதீங்க, பழைய சீல் முகத்துல உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்புன்னு மூணு எண் அச்சடிச்சிருக்கும், அதைச் சொல்லி வாங்குங்க. புது சீல் போடுறப்ப ஷாஃப்ட்ல பழைய சீல் உரசின பள்ளம் நகத்துல தட்டுப்பட்டா, அந்தப் பள்ளத்துலயே உதடு உக்காராதபடி ஒரு மில்லிமீட்டர் தள்ளி அடிச்சு இறக்கணும்.

#9 மாயவரம்_மினிலாரி

இடையில ஒரு கேள்வி, மன்னிக்கணும். பழைய மினி லாரி எடுத்திருக்கேன், இதுவும் வரலாறு தெரியாத வண்டி. எஞ்சின் ஆயில், கூலன்ட் மாத்தியாச்சு. பிரேக் ஆயில் லெவல் சரியா இருக்கு, அதை விடலாமா?

#10 நீடா_டீசல்

விடாதீங்க. லெவல் ஒண்ணும் சொல்லாது. பிரேக் ஆயில் காத்துலருந்து ஈரத்தை உறிஞ்சும், நம்ம ஊர் ஈரக்காத்துல இன்னும் சீக்கிரம். டாட் 3 புதுசா இருக்கும்போது குறைஞ்சது 205 டிகிரியில கொதிக்கும், ஈரம் ஏறினா அந்த அளவு 140க்கு இறங்கிடும். டாட் 4ன்னா 230, 155. நெல் மூட்டையோட பாலத்து இறக்கத்துல தொடர்ந்து பிரேக் புடிச்சா உள்ள ஆவிக் குமிழ் கட்டி, மிதி தரையோட போகும். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாத்தணும், தேதி தெரியாத வண்டியில இன்னிக்கே.

மூடியில டாட் 3 இல்ல டாட் 4ன்னு அச்சடிச்சிருக்கும், அதையே வாங்குங்க. சீல் உடைக்காத டப்பா வேணும். முதல்ல டப்பாவுல இருக்கிற பழசை சிரிஞ்ச்ல உறிஞ்சிட்டு புதுசு ஊத்துங்க, அப்புறம் பம்ப்லருந்து தூரமா இருக்கிற சக்கரத்துல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா ஏர் எடுங்க, புது நிறம் வர்ற வரைக்கும். டப்பா காலியாக விடக் கூடாது. என்ன அவசரம்னாலும் எஞ்சின் ஆயில் இருந்த புனலை அதுக்குத் தொடாதீங்க, மினரல் ஆயில் ஒரு சொட்டு போனாலும் ரப்பர் வாஷர் எல்லாம் உப்பிடும். கிளட்ச் ஆயில்ல ஓடுற வண்டின்னா அதையும் கையோட மாத்திடுங்க.

#11 வேதை_உப்புக்காத்து

ரேடியேட்டர் பத்தி யாரும் விரிவா பேசலை. வேதாரண்யம், நாகப்பட்டினம், கோடியக்கரை பக்கம் வந்த வண்டின்னா இதுதான் முதல் கவலை. எங்க பக்கம் போர் தண்ணி பல இடத்துல உப்பு. அதை வருஷக்கணக்கா ரேடியேட்டர்ல ஊத்தியிருப்பாங்க. மூடியைத் திறந்து விரலை உள்ள விட்டுத் தடவுங்க: செங்கல் தூள் மாதிரி வந்தா துரு, வெள்ளைச் செதிலா உரிஞ்சா உப்பும் சுண்ணாம்பும், வழவழன்னு எண்ணெய் ஒட்டினா ஹெட் பேக்கிங்.

ரேடியேட்டர் அடிக்குழாயை மட்டும் திறந்துட்டு வடிச்சாச்சுன்னு நினைக்காதீங்க. எஞ்சின் பிளாக் பக்கவாட்டுல ஒரு வடிகுழாய் இருக்கும், பாதித் தண்ணி அங்கதான் நிக்கும். அதைத் திறந்தும் ஒண்ணும் வரலைன்னா வண்டல் அடைச்சிருக்கு, கம்பி விட்டுக் குத்துங்க. நல்ல தண்ணி ஊத்தி பத்து நிமிஷம் ஓட்டி வடிங்க, தெளிஞ்சு வர்ற வரைக்கும். நாலைஞ்சு தடவை ஆகும்.

உப்பு கரைக்கிற அமிலக் கலவையை எடுத்த எடுப்புல ஊத்தாதீங்க. பழைய ரேடியேட்டர்ல அந்தச் செதிலே சில ஓட்டையை அடைச்சு வச்சிருக்கும். முதல்ல வெறும் தண்ணி, அப்புறமும் சூடு ஏறினா அடுத்த யோசனை.

கூலன்ட் கெட்டியா வாங்கினா பாதிக்குப் பாதி கலக்கலாம், நம்ம வெயிலுக்கு மூணுல ஒரு பங்கு இருந்தாலும் துருவைத் தடுக்கும். கலக்குற தண்ணி பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர், இல்ல சுத்தமா புடிச்ச மழைத்தண்ணி. போர் தண்ணி வேண்டவே வேண்டாம். உள்ள ஏற்கெனவே வேற நிறக் கூலன்ட் இருந்தா அதோட மேலயே ஊத்தாதீங்க, ரெண்டு வகை சேர்ந்து கூழாகிறது உண்டு.

வெட் லைனர் எஞ்சின்ல, அதாவது சிலிண்டர் உறையோட வெளிப்பக்கம் நேரா தண்ணி படுற எஞ்சின்ல, வெறும் தண்ணியா ஓட்டினா இன்னொரு ஆபத்து. லைனர் அதிர்வுல தண்ணிக்குள்ள குமிழ் உண்டாகி வெடிச்சு வெடிச்சு, லைனர் வெளிப்பக்கம் ஊசி குத்தின மாதிரி ஓட்டை விழும். கூலன்ட்ல இருக்கிற மருந்துதான் அதைத் தடுக்குது. ஆயில்ல தண்ணி வருதுன்னு ஹெட்டைக் கழட்டி, பேக்கிங் மாத்தி, திரும்பவும் தண்ணி வர்றதுக்கு இது ஒரு காரணம்.

தெர்மோஸ்டாட் இருக்கான்னும் பாருங்க. சூடேறுதுன்னு கழட்டி எறிஞ்ச வண்டி நிறைய. அது இல்லைன்னா எஞ்சின் எப்பவும் குளிர்ச்சியாவே ஓடி, ஆயில்ல ஈரமும் டீசலும் தங்கும்.

கடைசியா ஒண்ணு. 2018 நவம்பர்ல கஜா புயல் கரையேறின பகுதி இது. வெள்ளத்துல முங்கின வண்டிகள் பெயின்ட் அடிச்சு கை மாறியிருக்கு. டூல் பாக்ஸ் மூலை, ஸ்டார்ட்டர் மோட்டார் உள்பக்கம், மீட்டர் போர்டுக்குப் பின்னாடி மெல்லிசா வண்டல் படிஞ்சிருந்தா, முங்கின வண்டின்னு வச்சுக்கிட்டு எல்லா ஆயிலையும் வடிங்க. முங்கின வண்டியை ஆயில் பார்க்காம செல்ஃப் அடிக்கவே கூடாது.

#12 கடைமடை_சம்பா

பாட்டில் எடுத்தாச்சு. எஞ்சின்: கறுப்பு, தண்ணி இல்லை, டீசல் வாடை இல்லை, வடிதாள்ல வளையம் பரவுது. கியர்: முதல்ல கால் டம்ளர் அளவுக்குக் கலங்கல் தண்ணி, அப்புறம் மோர் நிறம். தோசைக்கல்லுல பலமா பொரியுது. ஸ்டியரிங் ஆயில் சுத்தம். ரேடியேட்டர் செங்கல் நிறம். பூட் கிழிஞ்சிருக்கு, பிரீதர்ல ஊதினா காத்தே போகலை. கியர் டிரைன் நட் காந்தத்துல சாம்பல் பசை நிறைய, கூடவே நகம் அளவுக்கு மெல்லிசா ரெண்டு செதில், மஞ்சள் நிறம்.

மோர் நிறத்தை வடிச்சா உள்ள ஒட்டியிருக்கிறதை எப்படிக் கழுவுறது? டீசல் அஞ்சு லிட்டர் ஊத்தி ஓட்டச் சொல்றார் இங்க ஒருத்தர்.

#13 ஆடுதுறை_உழவன்

டீசல், மண்ணெண்ணெய் எதுவும் ஊத்தி ஓட்டாதீங்க. பேரிங்குக்கு மசகு இல்லாம ஓடுற அந்த அஞ்சு நிமிஷமே கெடுதல். அதோட டீசல் முழுசா வடியாது, மூலையில தங்கிப் புது ஆயிலை இளக்கும்.

#14 பட்டறை_வலங்கைமான்

ஆமா. ஆயிலை ஆயிலாலேயே கழுவுங்க. வண்டியை அரை மணி ஓட்டி சூடாக்கி, கலங்கின சூட்டோட வடிங்க, ஒரு மணி நேரம் சொட்டட்டும். பக்கவாட்டுல மூடித் தட்டு இருந்தா கழட்டி, அடியில தங்கின சேத்துக் குழம்பை பனியன் வேஸ்டால துடைச்சு எடுங்க. ஹைட்ராலிக் உறிஞ்சுற வலையைக் கழட்டி டீசல்ல பிரஷ் போட்டுக் கழுவுங்க, காத்து அடிச்சுக் காயவச்சுப் போடுங்க. அப்புறம் அதே யுடிடிஓ, விலை குறைஞ்ச கம்பெனியா இருந்தாலும் ஸ்பெக் ஒண்ணா இருக்கணும், கேஜ் குச்சியில கீழ் கோடு வரைக்கும் ஊத்துங்க. பின் சக்கரம் ரெண்டையும் ஜாக்கி போட்டுத் தூக்கி, கீழ மரக்கட்டை அடை குடுத்து, முன் சக்கரத்துக்குக் கல் வச்சு, எல்லா கியர்லயும் சும்மா ஓட்டுங்க. லிஃப்ட்டை இருபது தடவை ஏத்தி இறக்குங்க. பிரேக்கை மெதுவா மிதிச்சு மிதிச்சு விடுங்க, தட்டுக்கு நடுவுல இருக்கிறதும் வெளியேறணும். சூட்டோட வடிச்சுட்டு, இதுக்கப்புறம் நல்ல ஆயிலை முழு அளவு ஊத்துங்க.

இது செலவுதான். கைல காசு இல்லைன்னா முதல் தடவை ஊத்தினதையே முழு லெவல் ஆக்கி 50 மணி நேரம் ஓட்டி, அது மங்கலானா வடிங்க. ஆனா பிரீதரும் பூட்டும் மாத்தாம ஒரு லிட்டர் கூட ஊத்தாதீங்க.

காந்தம்: சாம்பல் பசை தேய்மானம், சாதாரணம். ஊசி மாதிரி, அரிசி நொறுங்கு மாதிரி இரும்புத் துண்டு இருந்தா பேரிங்கோ பல்லோ உடைஞ்சிருக்கு. உங்க மஞ்சள் செதில் காந்தத்துல ஒட்டலை, பசையில சிக்கி வந்திருக்கு. அது பித்தளை: த்ரஸ்ட் வாஷரோ புஷ்ஷோ. ரெண்டு செதிலுக்காக இப்ப கியர் பாக்ஸைப் பிரிக்க வேண்டாம். பத்திரமா எடுத்து வைங்க. 50 மணியில வடிக்கும்போது திரும்ப வந்தா பிரிக்கணும்.

டிரைன் நட் செம்பு வாஷர் பழசுன்னா அதையே திரும்பப் போடலாம்: சிவக்கக் காய்ச்சித் தண்ணியில போட்டா இளகிடும், கசியாம உக்காரும்.

#15 நீடா_டீசல்

எஞ்சினுக்கு: 15டபிள்யூ-40, சிஐ-4 கிரேடு போதும், அந்த மாடலுக்கு அதுக்கு மேல தேவையில்லை. சூட்டோட வடிங்க. ஃபில்டரைக் கழட்டும்போது பழைய ரப்பர் வளையம் எஞ்சின் பக்கமே ஒட்டிக்கிட்டு நிக்கும், விரலால தடவிப் பாருங்க. அது மேலயே புது ஃபில்டரைத் திருகினா ரெண்டு ரப்பர் ஆகி, ஓட்டும்போது பிச்சுக்கிட்டு ஆயில் மொத்தமும் வெளிய அடிச்சுடும். புது ரப்பருக்கு ஆயில் தடவி, கையால முட்டினப்புறம் முக்கால் சுத்து. ஃபில்டர்ல ஆயில் ரொப்பிப் போடுங்க. ஸ்டாப் நாப்பை இழுத்துப் புடிச்சுக்கிட்டு, ஆயில் விளக்கு அணையுற வரைக்கும் பத்துப் பத்து செகண்டா செல்ஃப் அடிங்க, அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க.

பழைய வண்டல் புது ஆயில்ல கரைஞ்சு வரும், அதனால முதல் தடவை 250 மணிக்குக் காத்திருக்காதீங்க. 50 மணியில ஆயிலும் ஃபில்டரும் இன்னொரு தடவை. அப்புறம் வழக்கக் கணக்கு. மணி மீட்டர் கேபிளை இப்பவே மாத்துங்க, அது இல்லாம இந்தக் கணக்கே இல்லை.

ஏர் கிளீனர் கிண்ணத்துல ஆயில் ஊத்துற வகையா இருந்தா, கிண்ணத்தைக் கழட்டி அடிவண்டலைச் சுரண்டிட்டு, அதே எஞ்சின் ஆயிலைக் கோடு வரைக்கும் மட்டும் ஊத்துங்க. கோட்டைத் தாண்டினா எஞ்சின் ஆயிலை இழுத்து எரிக்கும், ஸ்டாப் நாப் இழுத்தும் நிக்காம ஓடுற அளவுக்குப் போகலாம். வைக்கோல் கட்டுற மிஷினுக்கு ஓட்டினா தினமும் பார்க்கணும்.

டீசல் டேங்க் அடிநட்டைக் காலையில திறந்து தண்ணி வடிங்க. ரெண்டு ஃபில்டரும் மாத்தி, ஃபில்டர் மேல இருக்கிற ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கை பம்பை அடிங்க. குமிழ் நின்னு கம்பி மாதிரி டீசல் வந்ததும் பம்பை அடிச்சுக்கிட்டே இறுக்குங்க. அப்புறம் டீசல் பம்ப் ஸ்க்ரூ. அப்பவும் புடிக்கலைன்னா நாசில் நட்டுகளைத் தளர்த்தி செல்ஃப் அடிங்க. பீய்ச்சுற டீசல் பக்கத்துல கையை வைக்காதீங்க.

#16 ஆடுதுறை_உழவன்

முன் சக்கர ஹப்பையும் விட்டுடாதீங்க. அதுல ஆயில் இல்லை, கிரீஸ்தான், ஆனா சேத்துழவு வண்டியில முதல்ல போறது அது. கழட்டிப் பாருங்க, கிரீஸ் சாம்பல் நிறத்துல சேறோட குழைஞ்சிருக்கும். பேரிங்கை டீசல்ல கழுவி முழுசா காயவச்சு, ஏபி-3 கிரீஸை உள்ளங்கையில வச்சு ரோலர் இடுக்கு வழியா மறுபக்கம் பிதுங்கி வர்ற வரைக்கும் அழுத்துங்க. சீல் புதுசு. நட்டை சக்கரம் சுத்த இறுகுற வரைக்கும் இறுக்கி, அப்புறம் ஒரு காடி பின்னுக்குத் தளர்த்திக் காட்டர் பின் போடுங்க.

ஃபோர் வீல் வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு: முன் ஆக்சில் நடுவுல ஒண்ணு, ரெண்டு முனையிலயும் ஒண்ணுன்னு பல மாடல்ல மூணு தனி டிரைன் நட். நடுவை மட்டும் மாத்திட்டு முனை ரெண்டையும் மறந்து, அங்க தண்ணியோட ஓடுற வண்டி ஏராளம். சேத்துல முதல்ல முங்குறது அந்த முனைதான்.

#17 வேதை_உப்புக்காத்து

வடிச்ச ஆயிலை வாய்க்கால் பக்கம் கொட்டாதீங்க. கேன்ல புடிச்சு, பழைய ஆயில் எடுக்கிறவங்ககிட்ட குடுங்க. மோர் நிற ஆயிலைத் தனி கேன்ல வைங்க, நல்லதோட கலந்தா எடுக்க மாட்டாங்க. அடுத்த வயலுக்குப் பாயுற தண்ணியில படலம் மிதந்தா நாத்து இலையில ஒட்டிக் கருக்கிடும்.

#18 கடைமடை_சம்பா

பூட், பிரீதர், பிடிஓ சீல், இடது ஆக்சில் சீல் வாங்கியாச்சு. நாளைக்கு வடிக்கிறேன். கிளட்ச் ஹவுசிங் அடியில ஒரு ஓட்டையில காட்டர் பின் தொங்குது, அதுல ஒரு சொட்டு ஆயில் நிக்குது. அது எதுக்கு?

#19 பட்டறை_வலங்கைமான்

உள்ள கசியுற ஆயில் கிளட்ச் தட்டுல படாம வெளிய வர்றதுக்கான ஓட்டை அது. பின் ஆடி ஆடி ஓட்டை அடையாம பார்த்துக்கும். அந்தச் சொட்டை விரல்ல எடுத்துப் பாருங்க: கறுப்புன்னா கிராங்க் ஷாஃப்ட்டோட பின்பக்க சீல், மோர் நிறமோ கியர் ஆயில் வாடையோ இருந்தா இன்புட் ஷாஃப்ட் சீல். வாரத்துக்கு ஒரு சொட்டுன்னா இப்ப விடலாம். சொட்டு வேகம் கூடினாலோ கிளட்ச் வழுக்கினாலோ வண்டியைப் பிரிக்கணும்.

சேத்துல இறங்கும்போது அந்த ஓட்டை வழியா தண்ணி ஏறும். அதனால பல மாடல்ல அதுக்குன்னு ஒரு அடைப்பு நட் குடுத்திருப்பாங்க. உங்க வண்டியில அந்த இடத்துல மரை இருக்கான்னு பாருங்க. இருந்தா உழவுக்கு இறங்குறதுக்கு முன்னாடி பின்னைக் கழட்டி நட்டைப் போடுங்க, சேத்துழவு முடிஞ்ச அன்னிக்கே நட்டைக் கழட்டிப் பின்னை மாட்டுங்க. கழட்டும்போது எவ்வளவு, என்ன நிறத்துல வடியுதுன்னு ஒரு பாட்டில்ல புடிச்சு இங்க எழுதுங்க, சீலை இந்தப் பருவத்துலயே மாத்தணுமான்னு அதை வச்சுச் சொல்றேன்.